மரத்தால் நின்ற பழைய மனைகள்

திருவனந்தபுரம் நகரின் தென்கிழக்குப் பகுதியில் கரமனை என்னும் ஊர் உள்ளது. அகத்தியமலைப் பக்கத்து மலைகளில் தோன்றி மேற்கே கடலை நோக்கி ஓடும் கரமனையாறு இவ்வூரை ஒட்டிச் செல்கிறது. ஆற்றங்கரையிலுள்ள அக்கிரகாரத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இங்குள்ள பழைய வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி, முன்னே திண்ணையும் பின்னே நீண்ட கட்டுகளும் கொண்டு வரிசையாக நிற்பவை. வெளியிலிருந்து காண்போர்க்கு ஓடும் சுண்ணாம்புச் சுவருமே தென்படும். உள்ளே புகுந்து மேலே நோக்கினால்தான் அவ்வீட்டைத் தாங்கி நிற்பது மரம் என்பது விளங்கும். உத்திரம், மச்சுப் பலகை, கைமரம், முகட்டு வளை ஆகிய யாவும் மரமே.

இத்தகைய வீடுகளில் பல அண்மைக் காலத்தில் இடிக்கப்பெற்று, அவ்விடங்களில் கான்கிரீட் கட்டிடங்கள் எழுந்துள்ளன. கழற்றப்பெற்ற மரங்கள் விலையாகி, அறுக்கப்பெற்று, வேறு கதவுகளாகவும் மேசைகளாகவும் மாறிவிடுகின்றன. வசதியான புதிய வீட்டில் வாழ விரும்புவதைக் குற்றம் என்று கூறுதல் இயலாது. ஆயினும் ஒரு வீடு பிரிக்கப்படும்போது அதனுடன் மறையும் அறிவு எத்தகையது என்பதை அறிந்துகொள்வது நலம். அவ்வறிவில் ஒரு பகுதி தச்சர்களுடையது. மற்றொரு பகுதி மரத்தினுள்ளேயே எழுதப்பட்டிருப்பது.

கரமனையிலிருந்து கல்குளத்திற்கு

கரமனையைக் கடந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் ஆகிய ஊர்களின் வழியே தக்கலையை அடைகிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில், வேளிமலையின் அடிவாரத்தில், பத்மநாபபுரம் கோட்டை உள்ளது. இவ்வூரின் பழைய பெயர் கல்குளம். கோட்டையினுள் சுமார் ஆறு ஏக்கர் பரப்பில் அமைந்த அரண்மனை, இந்தியாவில் மரவேலைக்குப் பெயர் பெற்ற பெருங்கட்டிடங்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில், 1601-ஆம் ஆண்டை ஒட்டி இவ்வரண்மனை எழுந்தது என்பர். பின்னர் மார்த்தாண்டவர்ம மகாராஜா 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதனைப் பெரிதாக்கினார். அவர் 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றவர். 1750-இல் தமது ராஜ்யத்தைப் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணம் செய்தவர். ஊர் பத்மநாபபுரம் என்னும் பெயரைப் பெற்றதும் அக்காலத்திலேயே. 1795-இல் திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது கன்னியாகுமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது; எனினும் அரண்மனையின் நிர்வாகம் கேரள அரசிடமே நிலைத்தது. தமிழ்நாட்டு மண்ணில் நின்று கேரளத் தொல்பொருள் துறையினரால் காக்கப்படும் தனிச்சிறப்பு இதற்கு உண்டு. 2014-இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்தியா இதனைச் சேர்த்தது.

அரண்மனை என்றவுடன் வானளாவிய கற்கோபுரங்களை எதிர்பார்த்து வருவோர் இங்கே வியப்படைவர். ஏனெனில், இது ஒரு வேளாண் குடும்பத்தின் வீடு பெருகி வளர்ந்தாற்போன்ற அமைப்பே ஆகும். இதன் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம் ஒரு நாலுகெட்டு வீடு. நடுவே திறந்த முற்றம். நான்கு புறமும் கூரை முற்றத்தை நோக்கிச் சரிந்து இறங்கும். மழைநீர் முற்றத்தில் விழுந்து வெளியேறும். அங்குள்ள ஏகாந்த மண்டபத்தின் தூண் பலாமரத்தில் நுணுக்கமாகச் செதுக்கப்பெற்றது. வாயிலில் உள்ள பூமுகத்தின் மரக் கூரையில் பலவகை மலர்கள் செதுக்கப்பெற்றுள்ளன. அதன் மேல்மாடியில் உள்ள மந்திரசாலையில் சாய்ந்த மரச் சட்டங்கள் வரிசையாக அமைந்து, வெயிலின் கூச்சத்தைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. பகலின் நடு வேளையிலும் அவ்வறை குளிர்ந்திருப்பதைப் பார்வையாளர் உணரலாம்.

இவ்வரண்மனையை ஒத்த அமைப்பைச் சிறிய அளவில் கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலும், நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் பழைய வேளாண் குடும்பத்து வீடுகளில் காணலாம். அவற்றுள் முதன்மையானது நெல் வைக்கும் அறை. வீட்டின் நடுவில், தரையிலிருந்து உயர்த்தி, சுவர் முழுவதையும் கனத்த பலகைகளாலேயே அமைப்பர். வாயிலில் இருபுறமும் உள்ள காடியில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவர். நெல் குறையக் குறைய மேற்பலகைகளை எடுத்துவிடலாம். பலகைச் சுவர் தரையின் ஈரத்தை நெல்லுக்கு ஏற்றாது. எலியும் எளிதில் நுழையாது. குடும்பத்தின் ஓராண்டு உணவு வீட்டின் இருதயத்தில் இவ்வாறு காக்கப்பட்டது.

ஓக் மரமும் அயினி மரமும்

மரத்தால் வீடு அமைத்த மக்கள் உலகில் பலர். அவர்களுள் இங்கிலாந்து தேசத்து உழவர்களின் வீடுகள் விஞ்ஞான முறையில் மிகுதியாக ஆராயப்பட்டவை. அங்கே வீட்டின் எலும்புக்கூடு முழுவதும் ஓக் மரத்தால் ஆனது. கல் அடித்தளத்தின்மீது ஒரு கீழ்மரத்தைக் கிடத்தி, அதன்மேல் தூண்களை நிறுத்தி, தூண்களின் தலையை உத்திரத்தால் இணைத்து, எதிரெதிர்ச் சுவர்களைக் குறுக்கு விட்டத்தால் கட்டுவர். மூலைகளில் சாய்வுக் கட்டைகள் கொடுக்கப்படுவதால் காற்று மோதும்போது சட்டம் கோணலாவதில்லை. சட்டங்களுக்கு இடையிலுள்ள வெளியைக் குச்சிப் பின்னலால் அடைத்து, களிமண், சாணம், வைக்கோல் ஆகியவற்றைக் குழைத்துப் பூசுவர். சுவர் அங்கே பாரத்தைத் தாங்குவதில்லை. காற்றையும் குளிரையும் தடுப்பதே அதன் வேலை.

ஓக் மரத்தை வெட்டிய ஈரத்துடனேயே செதுக்கிப் பொருத்துவது அந்நாட்டு வழக்கம். ஓக் காய்ந்துவிட்டால் உளி ஏறுவது கடினம். ஈர மரத்தைப் பொருத்திய பின்னர் அது மெல்லக் காய்ந்து சுருங்கும்போது பொருத்துக்கள் இறுகுகின்றன. அன்றியும், பொருத்தின் இரு பகுதிகளிலும் ஆணித் துளைகளைச் சிறிது விலகி இருக்குமாறு இட்டு, மர ஆணியை அடித்து இறக்குவர். ஆணி உள்ளே செல்லும்போது இரண்டு மரங்களும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்படும். ஓக் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பை அரித்துவிடும் இயல்புடையது. ஆகவே மர ஆணி அங்கே சிக்கனத்திற்காக மட்டுமன்றி உறுதிக்காகவும் பயன்பட்டது.

தென் திருவிதாங்கூர்த் தச்சர்கள் கையாண்ட மரங்கள் தேக்கு, அயினி, பலா ஆகியவை. ஓக்கைப் போலன்றித் தேக்கை நன்கு உலர்த்திய பின்னரே வேலை செய்வர். காடுகளில் தேக்கு மரத்தின் அடியில் பட்டையையும் வெள்ளைப் பகுதியையும் சுற்றிலும் வெட்டி, மரத்தை நின்ற நிலையிலேயே இரண்டு ஆண்டுகள் அளவுக்கு உலரவிட்டு, அதன்பின் வீழ்த்தும் முறை இருந்தது. அவ்வாறு உலர்ந்த மரமே ஆற்றில் மிதந்து வரும். தேக்கின் வைரத்தில் இயற்கையாகவே ஒருவகை எண்ணெய்ப் பசை உள்ளது. கறையானையும் பூஞ்சணத்தையும் அது எதிர்க்கிறது. மேலும் ஈரம் ஏறி இறங்கும்போது தேக்கு விரிவதும் சுருங்குவதும் மிகக் குறைவு. இதனாலேயே நுண்ணிய பொருத்துக்களுக்கு அது மிகவும் ஏற்றது.

இரு நாட்டு முறைகளுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இங்கிலாந்து வீட்டில் சுவரே மரச் சட்டமாக நிற்கிறது. இங்கோ வெட்டுகல் சுவராயினும் பலகைச் சுவராயினும், தச்சனின் முழுத் திறமையும் கூரையிலேயே வெளிப்படுகிறது. அதற்குக் காரணம் மழை. திருவனந்தபுரத்தில் ஆண்டுதோறும் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜூன் மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் இப்பகுதிக்கு உண்டு. இத்தகைய நாட்டில் வீடு என்பது முதலாவதாக ஒரு கூரையே ஆகும்.

கூரையின் அமைப்பு

சுவரின் தலையில் உத்திரம் அமர்கிறது. உத்திரத்திலிருந்து கழுக்கோல் எனப்படும் கைமரங்கள் மேலேறி, முகட்டு மரத்தில் சேர்கின்றன. நான்கு புறமும் சாயும் கூரையாதலின், மூலைகளில் கைமரங்கள் விசிறியின் கம்பிகளைப் போல் விரிந்து செல்லும். கைமரங்களின் குறுக்கே பட்டியல் சட்டங்களை அடித்து அவற்றின்மேல் ஓடு வேய்வர். பழைய வீடுகளில் கையால் செய்த தட்டை ஓடுகளே இருந்தன. 1865-இல் பேசல் மிஷன் சபையார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவிய பின்னர், அங்கிருந்து பரவிய பெரிய ஓடுகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

இக்கூரையின் நுட்பம் முழுவதும் வளை என்னும் உறுப்பில் அடங்கியுள்ளது. ஒவ்வொரு கைமரத்தின் நடுப்பகுதியிலும் ஒரு துளை உண்டு. வரிசையாக உள்ள இத்துளைகள் அனைத்தினூடும் ஒரு நீண்ட மரத்தைச் செலுத்திவிடுவர். அதன்பின் எந்தக் கைமரமும் தனித்து அசைய இயலாது. ஒன்றைத் தள்ளும் காற்று எல்லாவற்றையும் தள்ளியாக வேண்டும். நேராகச் செல்லும் கைமரங்களில் துளை நேராக இருக்கும். மூலையில் விரிந்து செல்பவற்றிலோ, கைமரம் சாயும் கோணம் ஒவ்வொன்றுக்கும் வேறாதலின், துளையும் ஒவ்வொன்றில் ஒவ்வொரு சாய்வாக அமைய வேண்டும். இவை யாவும் தரையிலேயே அளந்து துளையிடப்படுகின்றன. மேலே ஏற்றிய பிறகு திருத்துவதற்கு இடமில்லை.

இங்குள்ள கணிதம் பள்ளி மாணாக்கருக்கும் விளங்கக்கூடியதே. கூரையின் சாய்வு 45 பாகை என்று கொள்வோம். வீட்டின் அகலம் 6 மீட்டரானால், சுவரிலிருந்து நடுமுகடு வரையில் கிடைத்தூரம் 3 மீட்டர்; முகட்டின் உயரமும் 3 மீட்டர். எனவே நேர்க் கைமரத்தின் நீளம் 3-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கிய அளவு, அதாவது சுமார் 4.24 மீட்டர். மூலைக் கைமரத்தின் கிடைத்தூரமே 4.24 மீட்டராகிறது, உயரம் மாறாமல் 3 மீட்டர். ஆகவே அதன் நீளம் 3-ஐ 3-இன் வர்க்கமூலத்தால் பெருக்கிய அளவு, அதாவது சுமார் 5.20 மீட்டர். இறவாரத்திற்கு வேண்டிய நீளம் இதற்குப் புறம்பு. பழைய தச்சர்கள் வர்க்கமூலம் கண்டு எழுதினார்கள் அல்லர். தரையில் கோடு கிழித்து, முழக்கோலை வைத்து, அதே விடையைக் கண்டார்கள். முக்கோண விதியைக் கற்பிக்கும் ஆசிரியர் கரும்பலகையை விட்டு மாணாக்கரை ஒரு பழைய வீட்டின் மச்சுக்கு அழைத்துச் செல்வாராயின், அப்பாடம் அவர்கள் மனத்தில் நெடுநாள் நிலைக்கும்.

முழக்கோல் என்பது 24 அங்குலம் கொண்டது. இவ்வங்குலம் ஆங்கில அங்குலத்தினும் சற்றுப் பெரிது. ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். ஆகவே கோல் சுமார் 72 சென்டிமீட்டர். 16-ஆம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் சம்ஸ்கிருதத்தில் இயற்றிய மனுஷ்யாலய சந்திரிகை என்னும் நூல், வீட்டின் அளவுகளை வகுக்கும் விதிகளைத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் ஒன்று யோனிக் கணக்கு. கட்டிடத்தின் சுற்றளவைக் கோலில் அளந்து, மூன்றால் பெருக்கி, எட்டால் வகுத்தால் கிடைக்கும் மீதியே யோனி. மீதி ஒற்றைப்படை எண்ணாக இருத்தல் வேண்டும். 1 கிழக்கிற்கும், 3 தெற்கிற்கும், 5 மேற்கிற்கும், 7 வடக்கிற்கும் உரியவை. சான்றாக, சுற்றளவு 13 கோலானால் மூன்றால் பெருக்க 39, எட்டால் வகுக்க மீதி 7, இது வடக்கிற்குரியது. இவ்விதியின் பின்னுள்ள நம்பிக்கை எவ்வாறாயினும், அதன் விளைவு நடைமுறைப் பயன் உடையது. அனுமதிக்கப்பட்ட அளவுகள் எண்ணிக்கையில் குறைந்தன. ஓர் ஊர்த் தச்சன் மற்றோர் ஊரில் வேலை செய்யும்போதும் அளவுகள் ஒத்துவந்தன. உறுப்புக்களை முன்கூட்டியே செய்து வைக்கவும் இயன்றது. தரப்படுத்துதல் என்று இன்று தொழிற்சாலைகள் கூறுவது இதுவே.

நீரும் மரமும்

மரம் தானாகக் கெடுவதில்லை. அதனைக் கெடுப்பவை பூஞ்சணம், கறையான், வண்டு ஆகியவை. மரத்தின் எடையில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை பூஞ்சணம் அதில் வளர இயலாது. ஆகவே மரவீட்டைக் காப்பது என்பது மரத்தை உலர்ந்த நிலையில் வைப்பதே அன்றி வேறன்று. பழைய வீட்டின் ஒவ்வோர் உறுப்பும் இந்நோக்கத்தையே நிறைவேற்றுகிறது. தூண் நேராக மண்ணில் ஊன்றப்படாமல் கல்லின்மேல் நிற்கிறது. எனவே மண்ணின் ஈரம் மேலேறுவதில்லை. நீண்ட இறவாரம் சாரலைச் சுவரிலிருந்து விலக்குகிறது. கூரையின் முகப்பிலுள்ள மரச் சல்லடை உள்ளே தங்கும் நீராவியை வெளியேற்றுகிறது. நனைந்த மரமும் காற்றோட்டத்தில் விரைவில் உலர்ந்துவிடுகிறது.

அடுக்களைப் புகையும் இதற்குத் துணை செய்தது. இங்கிலாந்தின் பழைய உழவர் வீடுகளில் புகைபோக்கி இல்லை. நடுக்கூடத்தில் மூட்டிய நெருப்பின் புகை கூரையினூடே வெளியேறியது. கைமரங்களில் படிந்த கரியைக் கொண்டே அவ்வீட்டின் பழமையை ஆய்வாளர் இன்று அறிகின்றனர். நம் நாட்டு அடுக்களைகளிலும் விறகுப் புகை கூரை மரத்தில் படிந்து பூச்சிகளை அணுகவொட்டாமல் தடுத்தது. விறகடுப்பு நீங்கிய வீடுகளில் இந்தக் காப்பு இல்லை. புகையால் கண்ணும் நுரையீரலும் கெடுவதை நோக்க, அடுப்பு மாறியது நன்மையே. ஆயினும் புகை செய்த வேலையை இனி மனிதரின் கண்காணிப்பே செய்யவேண்டும்.

அன்பினால் செய்யும் பிழைகளும் உண்டு. பழைய மரவீட்டை உறுதிப்படுத்துவதாக எண்ணிச் சிலர் மரத்தைச் சுற்றிச் சிமெண்டுப் பூச்சிடுகின்றனர். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளிவிடும். சிமெண்டு அவ்வாறு விடுவதில்லை. பூச்சிலுள்ள மயிரிழை வெடிப்பின் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, வெளியில் தெரியாமலே மரத்தை அழுகச் செய்கிறது. இங்கிலாந்தில் பல பழைய வீடுகளுக்கு இத்தீங்கு நேர்ந்துள்ளது. அங்கே 1877-இல் வில்லியம் மோரிஸ் முதலியோர் பழைய கட்டிடங்களைக் காப்பதற்கென ஒரு சங்கம் நிறுவினர். பழையதை அழித்துப் புதுக்குவதைவிட, நாள்தோறும் சிறு பழுதுகளைப் பார்ப்பதே மேலானது என்பது அச்சங்கத்தின் கொள்கை. தூணின் அடி அழுகினால் தூண் முழுவதையும் மாற்ற வேண்டுவதில்லை. அழுகிய பகுதியை மட்டும் வெட்டி நீக்கி, அதே இன மரத்தில் புதிய துண்டைச் சாய்வுப் பொருத்தால் ஒட்டி நிறுத்தலாம். இம்முறையை நம் தச்சர்களும் நன்கு அறிவர்.

மரத்தில் எழுதிய மழைக் கணக்கு

பழைய மரத்தைப் பற்றி விஞ்ஞானிகள் கவலைகொள்வதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. குளிர்காலத்தில் வளர்ச்சி நிற்கும் நாடுகளில் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் இடுகிறது. நல்ல ஆண்டில் வளையம் அகன்றும், வறண்ட ஆண்டில் குறுகியும் அமையும். அகலும் குறுகும் இவ்வரிசை, ஒரே பகுதியில் வளர்ந்த மரங்களுக்குப் பெரும்பாலும் பொதுவானது. இன்று நிற்கும் மரத்தின் வளையங்களுடன் பழைய உத்திரத்தின் வளையங்களை ஒட்டிப் பார்த்துக் காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் கிரெஸ்ஸிங் டெம்பிள் என்னுமிடத்திலுள்ள பழைய களஞ்சியத்தின் ஓக் மரங்கள் 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெட்டப்பட்டவை என்பது இம்முறையாலேயே உறுதியாயிற்று.

வெப்ப நாட்டு மரங்களில் தெளிவான ஆண்டு வளையம் காண்பது அரிது. தேக்கு இதற்கு விதிவிலக்கு. வறண்ட மாதங்களில் அது இலையுதிர்த்து வளர்ச்சியை நிறுத்துகிறது. மழை தொடங்கியதும் பெரிய நுண்குழாய்களுடன் புதிய வளையத்தைத் தொடங்குகிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் கேரளத்துத் தேக்கு மரங்களின் வளையங்களை அளந்து, 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளுக்குரிய தொடர்வரிசை ஒன்றை அமைத்து 2010-இல் வெளியிட்டனர். குறுகிய வளையங்கள் பல, மழை பொய்த்த ஆண்டுகளையும், பசிபிக் மாகடலில் எல் நினோ என்னும் வெப்பநிலை மாறுதல் தோன்றிய ஆண்டுகளையும் ஒட்டி வருவதை அவர்கள் கண்டனர். மழைமானிகள் நிறுவப்படுவதற்கு முந்திய பல நூற்றாண்டுகளின் பருவமழையைப் பற்றி அறிவதற்கு இது ஓர் அரிய வாயில்.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், தேக்கினால் ஆன ஒரு பழைய உத்திரம் வெறும் மரத்துண்டு அன்று. அது வளர்ந்த காலத்து மழைக் கணக்கு அதனுள் அடங்கியிருக்கக்கூடும். அம்மரத்தை அறுத்து இழைத்துவிட்டால் அக்கணக்கின் ஏடுகள் மரத்தூளாகிவிடும். தச்சர்கள் வெள்ளைப் பகுதியைச் செதுக்கி நீக்கியிருப்பதால், மரம் வெட்டப்பட்ட ஆண்டைச் சரியாகக் கூறுவது பெரும்பாலும் இயலாது. இன்ன ஆண்டிற்குப் பின்னர் வெட்டப்பட்டது என்று மட்டுமே கூறலாம். ஆயினும் மழையின் வரலாற்றுக்கு அதுவும் பயன்படும்.

பெயர்த்து நட்ட வீடுகள்

இருந்த இடத்தில் காக்க இயலாத மரவீட்டைக் கழற்றி வேறிடத்தில் மீண்டும் நிறுத்துவது ஒரு வழி. மர ஆணியைத் தட்டி எடுத்தால் பொருத்துக்கள் பிரியும் என்பதால், செங்கல் வீட்டுக்கு இல்லாத இவ்வசதி மரவீட்டுக்கு உண்டு. இங்கிலாந்தில் கெண்ட் பகுதியில் 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பெற்ற பேலீஃப் என்னும் உழவர் வீடு, ஒரு நீர்த்தேக்கத்தின் பொருட்டு 1960-களின் இறுதியில் பிரிக்கப்பட்டது. உறுப்புக்கள் அனைத்திற்கும் எண்ணிட்டு, சஸ்ஸெக்ஸ் பகுதியில் சிங்கிள்டன் என்னுமிடத்திலுள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அதனை மீண்டும் நிறுவினர். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவிலும் இம்முறை கையாளப்பட்டுள்ளது. கோட்டயம் மாவட்டத்துப் புதுப்பள்ளியிலிருந்து கொண்டுவரப்பெற்ற சிரியன் கிறிஸ்தவர் வீடும், திருவனந்தபுரத்து இந்துக் குடும்ப வீடும் அங்கே நிற்கின்றன. அவ்வீடுகளைப் பிரிக்கவும் கூட்டவும் தச்சர்கள் தேவைப்பட்டனர் என்பதை மறத்தலாகாது. தச்சர் இல்லாவிடின் எண்ணிட்ட மரங்கள் வெறும் விறகுக் குவியலே ஆகும்.

எல்லா வீடுகளையும் காட்சிச்சாலைக்குக் கொண்டு செல்லுதல் இயலாது. பெரும்பான்மையான வீடுகள் இடிக்கப்படுவதைத் தடுப்பதும் எவர்க்கும் எளிதன்று. ஆனால் ஒரு வீடு மறைவதற்கு முன் அதனைக் குறித்து வைத்தல் எங்கும் எவர்க்கும் இயலும். இப்பணியில் கிராமங்களுக்குச் செல்லும் அலுவலர்களும் பள்ளி ஆசிரியர்களும் பெரிதும் உதவக்கூடும்.

பழைய மரவீடு ஒன்று பிரிக்கப்படப் போகிறது என்று தெரிந்தால், வீட்டுக்காரரின் இசைவு பெற்று, முதலில் தரைப்படம் ஒன்றை அளவுடன் வரைதல் வேண்டும். மீட்டரில் எழுதிய அளவுகளை 72 சென்டிமீட்டரால் வகுத்துப் பார்த்தால் தச்சன் கையாண்ட கோலின் அளவு புலப்படும். அடுத்து, உத்திரம், கைமரம், தூண் ஆகியவற்றின் நீள அகலங்களையும், அவற்றிலுள்ள குறிகளையும், பொருத்துக்களின் வடிவத்தையும் குறிக்க வேண்டும். இன்ன மரம் என்பதை ஊர்த் தச்சரைக் கேட்டு எழுதுதல் நலம். ஒவ்வோர் உறுப்புக்கும் அவர் கூறும் பெயரை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். பெயர் மறைந்தால் பொருளும் விரைவில் மறையும். தேக்கு உத்திரத்தின் முனையை அறுத்து நீக்குவதாயின், ஒரு விரற்கடைத் தடிப்புள்ள துண்டைக் கேட்டுப் பெற்று, வீடு இருந்த ஊரையும் அது எந்த உறுப்பு என்பதையும் அதன்மேல் எழுதி உலர்ந்த இடத்தில் வைக்கலாம். ஊர்ப் பெயர் எழுதப்படாத மரத்துண்டு ஆராய்ச்சிக்குப் பயன்படாது.

வீட்டைப் பிரிக்காமல் அதிலேயே வாழ்வோருக்குச் சொல்லத்தக்க அறிவுரை இதனினும் சுருக்கமானது. மழைக்காலத்திற்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றுக; இறவாரத்தின் கீழ் மண் குவிய விடாதிருக்க; தூணின் அடிக்கல் மண்ணில் புதையாமல் பார்த்துக்கொள்க; முகப்புச் சல்லடையை அடைக்காதிருக்க; மரத்தின்மேல் சிமெண்டு பூசாதிருக்க. ஓர் ஓட்டின் விலை மிகச் சிறிது. அந்த ஓட்டை மாற்றாததனால் அழுகும் உத்திரத்தின் விலையோ மிகப் பெரிது. அதற்கு ஈடான மரமும் அதனைப் பொருத்தும் கையும் இனி எளிதில் கிடைப்பன அல்ல.

கரமனை அக்கிரகாரத்தில் எஞ்சி நிற்கும் பழைய வீடுகளுக்கும், கல்குளத்து அரண்மனைக்கும் இவ்விதி ஒன்றே. அரண்மனையைக் காக்க ஓர் அரசாங்கத் துறை இருக்கிறது. வீடுகளைக் காக்க அவற்றில் வாழ்வோரும், அவற்றைக் கண்டு அறிந்து எடுத்துரைப்போருமே இருக்கின்றனர்.